காலையில் மட்டும் திணறும் எஞ்சின்: காரணத்தைத் தேடும் முறை

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எட்டு ஆண்டுகள் பழையதும் 90,000 கிலோமீட்டர் ஓடியதுமான நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் செல்ஃப் எடுத்தால் எஞ்சின் உடனே பிடித்துக்கொள்கிறது. ஆனால் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை வண்டியே குலுங்குகிறது, ஆர்பிஎம் முள் 500-க்கும் 900-க்கும் இடையே தள்ளாடுகிறது, அதன்பிறகு எதுவும் நடக்காததுபோல் எல்லாம் சீராகிவிடுகிறது. பகலில் எத்தனை முறை அணைத்து இயக்கினாலும் தொல்லை இல்லை. பிளக்குகள், ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர், பேட்டரி எல்லாம் மாற்றியாகிவிட்டது. மெக்கானிக்கோ, வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது என்கிறார். அடுத்து எதை மாற்றுவது?

அடுத்து எதையும் மாற்ற வேண்டாம் என்பதே என் முதல் பதில். இதுவரை மாற்றிய நான்கு பொருள்களும் ஊகத்தின் பேரில் மாற்றப்பட்டவை. ஐந்தாவதும் அப்படியே போனால் பணம்தான் கரையும். இந்தக் கோளாறின் தடயம் ஒரு நாளில் ஒரே ஒரு நிமிடம்தான் உயிரோடு இருக்கிறது. நீங்கள் வண்டியை மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டு போகும்போதே அந்தத் தடயத்தை வழியில் அழித்துவிடுகிறீர்கள். எஞ்சின் முழுமையாகக் குளிர ஏழெட்டு மணி நேரமாவது ஆகும் என்பதால், அவர் அதை மீண்டும் காண வேண்டுமானால் வண்டி இரவு அவரிடமே தங்க வேண்டும். அல்லது அந்த ஒரு நிமிடத்தை நீங்களே பதிவுசெய்து அவர் கையில் கொடுக்க வேண்டும். ஒரு காலைக்கு ஒரே ஒரு சோதனை என்று வைத்துக்கொண்டால் ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். ஒரே காலையில் மூன்று சோதனைகளைச் செய்தால் முதல் சோதனைக்குப் பிறகு எஞ்சின் குளிர்ந்த எஞ்சினாக இருக்காது.

குளிர்ந்த எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்பது தெரிந்தால் சோதனைகளின் பொருளும் விளங்கும். திரவ நிலையில் பெட்ரோல் எரிவதில்லை. அதன் ஆவிதான் எரிகிறது. இன்டேக் வால்வின் முதுகும் அதை ஒட்டிய சுவரும் குளிர்ந்திருக்கும்போது இன்ஜெக்டர் தூவும் பெட்ரோலில் ஒரு பகுதி அங்கேயே படலமாக ஒட்டிக்கொள்கிறது. சிலிண்டருக்குள் போதுமான ஆவி சென்று சேர வேண்டும் என்பதற்காக எஞ்சின் கணினி, அதாவது மெக்கானிக்குகள் இசியூ என்று சொல்லும் பெட்டி, வழக்கத்தைவிட அதிகமாகப் பெட்ரோலைத் தூவச் செய்கிறது. எவ்வளவு அதிகம் என்பதை முக்கியமாகக் கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின் வெப்பநிலை சென்சார் சொல்லும் எண்ணை வைத்தே முடிவு செய்கிறது. கலவை சரியாக இருக்கிறதா என்று திருப்பிச் சொல்ல வேண்டிய ஆக்சிஜன் சென்சாரோ புகைபோக்கிக் குழாயில் இருக்கிறது. அது சுமார் 300 டிகிரி செல்சியஸ் சூடேறிய பிறகுதான் நம்பத்தக்க தகவல் தரும். அதுவரை இசியூ தன் நினைவில் உள்ள அட்டவணையைப் பார்த்துக் குத்துமதிப்பாகத்தான் ஓட்டுகிறது. சென்சார் விழித்துக்கொண்டதும் காற்றும் பெட்ரோலும் 14.7-க்கு 1 என்ற விகிதத்துக்கு வரும்வரை இசியூ பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்கிறது. ஆகவே ஒரு நிமிடத்தில் உங்கள் வண்டியின் கோளாறு குணமாகிவிடுகிறது என்று எண்ணக்கூடாது. கோளாறு அங்கேயே இருக்கிறது. இசியூ அதன்மேல் போர்வை போர்த்திவிடுகிறது, அவ்வளவுதான். சூடேறும்போது உலோகமும் ரப்பரும் விரிந்து சில இடுக்குகள் தாமாகவே அடைபடுவதும் இதனுடன் சேர்ந்துகொள்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றில் முதல் அரை நிமிடம் ஆர்பிஎம் 1,200 முதல் 1,500 வரை ஏறி நிற்பதும், ஓசை சற்றுக் கரடாக ஒலிப்பதும் வேண்டுமென்றே செய்யப்பட்டவை. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை விரைவாகச் சூடாக்குவதற்காக இசியூ பிளக்கின் பொறியைத் தாமதப்படுத்துகிறது. அதனால் எஞ்சின் கொஞ்சம் முனகும். முள் ஆடாமல் நின்று ஓசை மட்டும் கூடுதலாக இருந்தால் அது நோயில்லை. உங்கள் வண்டியில் முள் 500 வரை இறங்குவதால் அது நோய்தான்.

அடுத்து ஒரு பிரிவினை. செல்ஃப் நெடுநேரம் சுற்றிய பிறகு எஞ்சின் பிடிப்பது ஒரு வகை. உடனே பிடித்துவிட்டுப் பிறகு குலுங்குவது மற்றொரு வகை. முதல் வகையில் பேட்டரி, ஸ்டார்ட்டர், பெட்ரோல் அழுத்தம் ஆகியவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இரண்டாம் வகையில் ஏதோ ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் மிஸ்ஸிங் அடிக்கிறது, அல்லது எல்லாச் சிலிண்டர்களுக்கும் கலவை தவறாகப் போகிறது. உங்களுடையது இரண்டாம் வகை. புதுப் பேட்டரி வாங்கியும் மாற்றம் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

முதல் நாள் காலையில் கருவி எதுவும் வேண்டாம், பார்த்தால் போதும். முந்தைய இரவே கூலண்ட் டப்பாவில் மட்டம் இருக்கும் இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். ஆயில் அளவையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் கைபேசியை டேஷ்போர்டை நோக்கி வைத்துக் காணொளிப் பதிவை ஓடவிட்டு, வேறு ஒருவரைச் சைலன்சர் அருகில் சற்று விலகி நிற்கச் சொல்லிவிட்டு வண்டியை இயக்குங்கள். கரும்புகையும் பெட்ரோல் நெடியும் வந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. நீலப்புகை ஒரு பந்துபோல் வந்து மறைந்தால் வால்வுத் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமான வால்வு ஸ்டெம் சீல் வழியாக இரவெல்லாம் ஆயில் கசிந்திருக்கிறது. வெண்புகையில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். குளிரான காலையில் எல்லா வண்டியிலும் நீராவி வரும். அது சைலன்சரை விட்டுச் சற்றுத் தூரம் போவதற்குள் கரைந்துவிடும். கூலண்ட் எரிந்து வரும் வெண்புகை கரையாமல் காற்றில் தொங்கும், சற்று இனிப்பான வாடையும் இருக்கும். அதை முகர்ந்து பார்ப்பதற்காக முகத்தைக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம். குலுக்கலின் தாளத்தையும் கவனியுங்கள். தட்டு, தட்டு, தட்டு என்று சீரான இடைவெளியில் விழுந்தால் ஒரு குறிப்பிட்ட சிலிண்டர்தான் மிஸ்ஸிங் அடிக்கிறது. அலைபோல் ஏறி இறங்கினால் கலவை அல்லது காற்றில் கோளாறு.

இரண்டாம் நாளுக்கு ஒரு ஸ்கேனர் வேண்டும். ஸ்டீயரிங்கின் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் செருகி ப்ளூடூத் வழியாகக் கைபேசியில் எண்களைக் காட்டும் சிறிய கருவியே போதுமானது. எஞ்சினை இயக்காமல் இக்னிஷனை மட்டும் போட்டுக் கூலண்ட் வெப்பநிலை, உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை என்ற இரண்டு எண்களைப் பாருங்கள். இரவு முழுவதும் நின்ற வண்டியில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்க வேண்டும்; இரண்டு மூன்று டிகிரி வேறுபாடு இருக்கலாம். காற்று 22 டிகிரி என்றும் கூலண்ட் 50 டிகிரி என்றும் காட்டினால் கூலண்ட் சென்சார் பொய் சொல்கிறது. எஞ்சின் ஏற்கெனவே வெதுவெதுப்பாக இருக்கிறது என்று நம்பி இசியூ பெட்ரோலைக் குறைத்துவிடுகிறது. மாறாகக் கழித்தல் 40 என்று காட்டினால் சென்சாரின் ஒயர் அறுந்தோ கழன்றோ இருக்கிறது; அப்போது பெட்ரோல் அளவுக்கு மீறிப் போகும். பல கார்களில் இந்தச் சென்சாரின் மின்தடை 20 டிகிரியில் இரண்டாயிரம் முதல் மூவாயிரம் ஓம் வரை இருக்கும், 80 டிகிரியில் சுமார் முந்நூறு ஓமாகக் குறையும். மல்ட்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் அதையும் அளந்து பார்க்கலாம். பத்து நொடியில் முடிந்துவிடும் இந்த ஒப்பீட்டைச் செய்யாமலே பிளக்கும், அதற்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலும் மாற்றப்பட்ட வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சென்சார் முற்றிலும் செத்துப்போனால் செக் எஞ்சின் விளக்கு எரியும். அது இருபது டிகிரி பொய் சொன்னால் பல வண்டிகளில் விளக்கு எரியாது என்பதுதான் சிக்கல்.

அதே காலையில், எண்களைப் பார்த்த கையோடு எஞ்சினை இயக்கி, ஸ்கேனரில் பதிவாகியிருக்கும் பிழைக் குறியீடுகளையும் (மெக்கானிக்குகள் ‘கோடு’ என்பார்கள்), மிஸ்ஃபயர் எண்ணிக்கையைக் காட்டும் பக்கம் இருந்தால் அதையும் பாருங்கள். பி0300 என்றால் பல சிலிண்டர்களில் மாறி மாறி மிஸ்ஸிங். பி0301 முதல் பி0304 வரை என்றால் கடைசி இலக்கம்தான் சிலிண்டரின் எண். விளக்கு எரியாவிட்டாலும் நிலுவையில் உள்ள கோடு என்று ஒன்று நினைவகத்தில் இருக்கலாம். அதையும் திறந்து பாருங்கள். எதையும் அழித்துவிட வேண்டாம். அந்தக் குறியீட்டை அழிக்கும்போது, அது பதிவான கணத்தில் வெப்பநிலை, ஆர்பிஎம், சுமை எவ்வளவு இருந்தன என்ற குறிப்பும், பல மாதங்களாக இசியூ கற்றுவைத்திருக்கும் பெட்ரோல் திருத்தமும் சேர்ந்தே போய்விடும்.

மூன்றாம் நாள் பெட்ரோல் அழுத்தம். சாவியை இக்னிஷன் நிலைக்குத் திருப்பினால் பின்சீட்டுப் பக்கமிருந்து இரண்டு நொடி ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்கும். அது பம்ப் குழாயை நிரப்பும் ஓசை. அதை அணைத்து மீண்டும் போடுங்கள். இப்படி மூன்று முறை செய்த பிறகு செல்ஃப் எடுங்கள். பொத்தான் உள்ள வண்டியில் பிரேக்கை மிதிக்காமல் பொத்தானை அழுத்தி இக்னிஷனை மட்டும் போடலாம். அன்றைக்கு எஞ்சின் குலுங்காமல் எழுந்துவிட்டால் இரவில் குழாயின் அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று பொருள். பம்பினுள் இருக்கும் ஒருவழி வால்வு பிடிப்பதில்லை, அல்லது ஏதோ ஒரு இன்ஜெக்டர் ஒழுகுகிறது. இன்டேக் குழாயில் பெட்ரோலைத் தூவும் சாதாரண வகை எஞ்சின்களில் அழுத்தம் பொதுவாக 3 முதல் 4 பார் வரை இருக்கும். எஞ்சினை அணைத்து இருபது நிமிடம் கழித்தும் அதில் பெரும்பகுதி நிற்க வேண்டும். அளவுமானியைப் பொருத்தி அளக்கும் வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். சிலிண்டருக்குள்ளேயே நேராகத் தூவும் வகை எஞ்சினில் உயர் அழுத்தக் குழாயை வீட்டில் தொடவே கூடாது.

பம்ப் வால்வா, இன்ஜெக்டரா என்பதைப் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. பம்ப் வால்வு பிடிக்காவிட்டால் பெட்ரோல் டேங்க்குக்கே திரும்பிப் போகிறது. காலையில் சிலிண்டர்கள் வறண்டிருக்கும், கலவை மெலிந்திருக்கும், கரும்புகை இருக்காது. இன்ஜெக்டர் ஒழுகினால் அந்தப் பெட்ரோல் ஏதாவதொரு சிலிண்டருக்கு முன்னால் தேங்கி நிற்கும்; செல்ஃப் எடுத்ததும் அந்தச் சிலிண்டர் மூழ்கிப்போய்ப் பெட்ரோல் நெடியோடு கரும்புகையைத் தள்ளும். அப்போது சாவியை மூன்று முறை போடுவதால் நன்மை இல்லை. ஒழுகல் கூடத்தான் செய்யும். பெரும்பாலான இன்ஜெக்ஷன் கார்களில் ஆக்சிலேட்டரை முழுவதுமாக மிதித்துக்கொண்டு செல்ஃப் எடுத்தால் இசியூ பெட்ரோலை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் உள்ளே விடும். அப்படிச் செய்யும்போது வண்டி மற்ற நாளைவிட எளிதாக எழுந்தால் ஒழுகும் இன்ஜெக்டர்மீது சந்தேகம் உறுதிப்படும். எழுந்தவுடனே காலை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆயில் ஏறாத எஞ்சின் உச்சத்துக்குப் பாய்ந்துவிடும்.

ஒரே சிலிண்டர் என்பது தெரிந்துவிட்டால் இடம் மாற்றிப் பார்ப்பதைவிட நல்ல சோதனை கிடையாது, அதற்குச் செலவும் இல்லை. இரண்டாம் சிலிண்டர் மிஸ்ஸிங் என்றால் இரவில் அதன் காயிலைக் கழற்றி நான்காம் சிலிண்டரில் போட்டு, நான்கின் காயிலை இரண்டில் போடுங்கள். மறுநாள் கோடு நான்குக்கு நகர்ந்தால் காயில்தான் குற்றவாளி. நகராவிட்டால் அடுத்த இரவு பிளக்கை மாற்றிப் போடுங்கள். காயிலைக் கழற்றும்போது அதன் ரப்பர் குழலின் உட்புறத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்; பென்சிலால் கோடு இழுத்ததுபோல் மெல்லிய கருங்கோடு தெரிந்தால் மின்சாரம் அந்த வழியாகத்தான் இன்னும் கசிந்துகொண்டிருக்கிறது. காலையின் ஈரம் அதற்கு உதவுகிறது, எஞ்சின் சூடேறியதும் ஈரம் காய்ந்து கசிவும் நின்றுவிடுகிறது. பிளக் குழியில் ஆயில் தேங்கியிருந்தாலும் இதே கதைதான். அதற்கு வால்வு கவர் கேஸ்கட்டை மாற்ற வேண்டும். பிளக் புதியது என்பதால் அது சரியாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். இடைவெளி தவறாக இருக்கலாம், பொருத்தும்போது பீங்கானில் விரிசல் விழுந்திருக்கலாம்.

பிளக்கைக் கழற்றியதும் நான்கையும் வரிசை மாறாமல் ஒரு துணியின்மேல் அடுக்கி ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தை எனக்கு என் சொந்த வண்டிதான் கற்றுக்கொடுத்தது. அதுவும் இதேபோல் காலையில் இருபது நொடி மட்டும் குலுங்கும். நான் பிளக் மாற்றினேன், காயில் மாற்றினேன், ஒருமுறை இன்ஜெக்டர்களைச் சுத்தம் செய்வித்தேன். இரண்டு மாதத்தில் கூலண்ட் டப்பாவில் இரண்டு விரல்கட்டை அளவு குறைந்திருந்ததைப் பார்த்தும், வெயிலில் ஆவியாகியிருக்கும் என்று எண்ணி ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துபோனேன். மூடப்பட்ட அமைப்பில் கூலண்ட் அவ்வளவு ஆவியாகாது என்பது எனக்குத் தெரியாததல்ல, தெரிந்தும் அலட்சியம். கடைசியில் நான்கு பிளக்குகளையும் அடுக்கிப் பார்த்தபோது மூன்று பிளக்குகளின் முனை காய்ந்த சேற்று நிறத்தில் இருந்தது, மூன்றாம் சிலிண்டரின் பிளக் மட்டும் அப்போதுதான் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல் பளிச்சென்று வெளுத்திருந்தது. அழுக்கான பிளக்கைத் தேடியவன் கண்ணில் அந்தச் சுத்தம் முதலில் தவறாகப் படவே இல்லை. எஞ்சினின் தலைப்பகுதிக்கும் சிலிண்டர் பகுதிக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கட்டின் மயிரிழை இடைவெளி வழியாக அந்தச் சிலிண்டருக்குள் கூலண்ட் கசிந்து, நாள்தோறும் நீராவியாகி அதைக் கழுவிக்கொண்டிருந்தது.

இதன் வேலைமுறை இப்படி. வண்டியை அணைத்த பிறகும் சில மணி நேரம் கூலண்ட் குழாய்களில் ஒரு பார் அளவு அழுத்தம் இருக்கும். எஞ்சின் ஓடும்போது சிலிண்டரின் எரிப்பழுத்தம் கூலண்டை எதிர்த்து நிற்கிறது. அணைத்தபிறகு அந்தத் தடை இல்லை, சில துளிகள் உள்ளே வந்துவிடுகின்றன. காலையில் அந்தச் சிலிண்டர் நனைந்த விறகாகப் புகைந்து, துளிகள் வற்றியதும் எரியத் தொடங்குகிறது. கசிவு பெரிதாகி ஒரு காலையில் சிலிண்டர் நிறையக் கூலண்ட் தேங்கிவிட்டால் பிஸ்டன் அதை நசுக்க முடியாமல் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். அதன்பிறகு பேச்சு கேஸ்கட்டைப் பற்றியதாக இருக்காது, எஞ்சினைப் பற்றியதாக இருக்கும். இதனால்தான் வாய்ப்பு குறைவாக இருந்தாலும் இதை முதலில் விலக்கிவிட வேண்டும் என்கிறேன். நீங்கள் ஒட்டிய டேப்புக்குக் கீழே மட்டம் இறங்கியிருந்தால் மற்றச் சோதனைகளை நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் மூன்றைக் கேளுங்கள்: குளிரூட்டும் அமைப்பைப் பம்ப் செய்து அழுத்தத்தில் ஓரிரவு வைத்திருப்பது, காலையில் செல்ஃப் எடுக்கும் முன்பே பிளக் ஓட்டை வழியாகச் சிறு கேமராவை விட்டுப் பிஸ்டனின் தலையில் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பது, கூலண்ட் வாயில் சிலிண்டரில் எரிந்த வாயு வருகிறதா என்று, நீலத்திலிருந்து மஞ்சளுக்கு மாறும் திரவத்தால் சோதிப்பது. கசிவு சிறியதாக இருந்தால் கடைசிச் சோதனை சரியாகவே இருக்கிறது என்று காட்டிவிடும், என் வண்டியில் அப்படித்தான் காட்டியது. கேமராதான் ஈரத்தைக் காட்டியது. சூடான எஞ்சினில் கூலண்ட் மூடியைத் திறக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன்.

கூலண்ட் குறையவில்லை, புகையும் இல்லை, முள் அலைபோல் ஆடுகிறது என்றால் காற்றுப் பக்கம் வாருங்கள். உங்கள் வர்ணனையில் முள் 500-க்கும் 900-க்கும் இடையே தள்ளாடுவதால் என் முதல் ஊகம் இந்தப் பக்கம்தான். இந்த ஓட்டத்தில் ஒருமுறையும் சுத்தம் செய்யப்படாத த்ராட்டில் பாடியின், அதாவது எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் வாயிலின், தட்டு ஓரத்தில் கருப்புப் பிசின் வளையம் படிந்திருக்கும்; எஞ்சின் ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஓடும் நிலையில், இருக்கும்போது அந்தத் தட்டின் ஓர இடுக்கு வழியாகத்தான் காற்றே போக வேண்டும் என்பதால், மயிரிழை அளவு பிசினும் கணக்கைக் கெடுக்கும். அதற்குரிய கிளீனரைத் துணியில் தெளித்துத் துடைக்கலாம். மின்மோட்டாரால் இயங்கும் தட்டை விரலால் பலமாகத் தள்ளித் திறக்கக் கூடாது, பற்சக்கரம் சேதமாகும். சுத்தம் செய்தபின் சில வண்டிகளில் ஐடில் சில நாள் உயர்ந்து நிற்கும். ஸ்கேனர் வழியாக மறுகற்றல் கொடுத்தால் அடங்கிவிடும்.

இன்னொன்று, காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டின் கேஸ்கட்டும் அதைச் சுற்றியுள்ள ரப்பர் குழாய்களும். எட்டு ஆண்டில் ரப்பர் கெட்டிப்பட்டுச் சுருங்கிவிடுகிறது. குளிரில் இடுக்கு விட்டு, சூட்டில் விரிந்து அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் பகலில் அகப்படுவதில்லை. காலையின் அந்த ஒரு நிமிடத்தில், இரவே குளிர்ந்திருக்கும் மேனிஃபோல்டின் இணைப்புகளின்மேல் சிறு தெளிப்பானால் தண்ணீரைப் பனிபோல் தூவுங்கள். காயில்கள்மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சுழலும் பெல்ட்டிலிருந்து கையைத் தள்ளியே வையுங்கள். நீர் இடுக்கை அடைக்கும் கணத்தில் எஞ்சினின் ஓசை மாறினால் இடம் அகப்பட்டுவிட்டது. பெட்ரோலையோ கார்புரேட்டர் கிளீனரையோ தெளித்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. அது தீப்பிடிக்கும், வேண்டாம். மெக்கானிக்கிடம் புகையைச் செலுத்திக் கசிவைக் காட்டும் ஸ்மோக் மெஷின் இருந்தால் அதில் சோதிப்பதுதான் சிறந்தது, ஆனால் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் செய்ய வேண்டும் என்று வற்புறுத்துங்கள். சூடான எஞ்சினில் செய்யும் ஸ்மோக் சோதனையில் இந்தக் கசிவு தெரியாமல் போகலாம்.

ஸ்கேனரில், இசியூ கற்றுவைத்திருக்கும் பெட்ரோல் திருத்தத்தைக் காட்டும் லாங் டெர்ம் ஃப்யூல் ட்ரிம் என்ற எண் இந்த இடத்தில் துணைக்கு வரும். அது கூட்டல் கழித்தல் ஐந்து விழுக்காட்டுக்குள் இருந்தால் கவலை இல்லை. கூட்டல் பத்தைத் தாண்டினால் இசியூ மெலிந்த கலவையை ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது. ஐடிலில் இந்த எண் அதிகமாகவும் 2,500 ஆர்பிஎம்மில் குறைவாகவும் இருந்தால் காற்றுக் கசிவு. இரண்டிலும் அதிகமாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை. ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. உள்ளே வரும் காற்றை நேரடியாக அளக்கும் சென்சார் இல்லாமல், மேனிஃபோல்டின் அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்கிடும் சிறிய எஞ்சின்கள் பல உள்ளன. அவற்றில் கசியும் காற்றையும் சேர்த்தே இசியூ எண்ணிவிடுவதால் ட்ரிம் அவ்வளவாக மாறாது, ஐடில்தான் உயரும். ட்ரிம் நன்றாக இருக்கிறது என்பதால் மட்டும் கசிவு இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேட்டரி புதிது என்றாலும் எர்த் ஒயரைப் பாருங்கள், ஓய்வில் 12.6 வோல்ட் இருக்கும் பேட்டரி, செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியோ இணைப்போ சரியில்லை. வால்வுகளின் முதுகில் படியும் கரி, குளிரில் பஞ்சுபோல் பெட்ரோலை உறிஞ்சிக்கொள்ளும். சிலிண்டருக்குள் நேராகத் தூவும் எஞ்சின்களில் வால்வைக் கழுவப் பெட்ரோலே வராததால் கரி இன்னும் அதிகமாகப் படிந்து காலை மிஸ்ஸிங்குக்கு அடிக்கடி காரணமாகிறது. டேங்க்கில் ஊற்றும் கிளீனர் அவற்றின் வால்வைத் தொடாது, மேனிஃபோல்டைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். வண்டி வாரக்கணக்கில் நின்றிருந்தால் பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட்டிருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஆவியாவதற்குக் கூடுதல் வெப்பம் கேட்பதால் ஏற்கெனவே உள்ள சிறு கோளாறையும் குளிரில் பெரிதாக்கிக் காட்டும். எல்லாம் சரியாக இருந்தும் ஒரே சிலிண்டர் விடாமல் மிஸ்ஸிங் அடித்தால் கம்ப்ரெஷன், அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் உண்டாக்கும் அழுத்தம், பார்க்க வேண்டும், அதையும் குளிர்ந்த எஞ்சினில். எண்ணின் அளவைவிடச் சிலிண்டர்களுக்கு இடையிலான வேறுபாடு முக்கியம். பத்துப் பதினைந்து விழுக்காட்டுக்கு மேல் ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் வால்வையோ பிஸ்டன் ரிங்கையோ பார்க்க வேண்டியதுதான்.

இதே தொல்லையோடு டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் வேறு இடத்திலிருந்து தொடங்க வேண்டும். டீசலில் பொறி கிடையாது. அமுங்கிச் சூடேறிய காற்றில்தான் டீசல் எரிகிறது, குளிரில் அதற்கு ஹீட்டர் பிளக் துணை செய்கிறது. நான்கில் ஒன்று செத்தாலும் அந்தச் சிலிண்டர் முதல் நிமிடம் எரியாமல் கண்ணைக் கரிக்கும் வெண்புகையைக் கக்கும். நல்ல ஹீட்டர் பிளக்கின் மின்தடை பொதுவாக இரண்டு ஓமுக்குள் இருக்கும். முடிவிலி காட்டினால் அது போய்விட்டது. கழற்றி நேரடியாகப் பேட்டரியில் வைத்துச் சிவக்கிறதா என்று பார்க்கும் பழைய வழக்கத்தைப் புதிய வண்டிகளில் பின்பற்றாதீர்கள். அவற்றின் பிளக்குகளில் பல, 12 வோல்ட்டைத் தொடர்ந்து தாங்காத குறைந்த வோல்ட் வகையைச் சேர்ந்தவை. ஹீட்டர் நன்றாக இருந்தால், டீசல் குழாயில் எங்காவது காற்று நுழைந்து இரவில் டீசல் டேங்க்குக்கு இறங்கிவிடுகிறதா என்று, ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் இடையே குறைந்த அழுத்தப் பகுதியில் கண்ணாடிபோன்ற குழாயை வைத்துக் குமிழி பார்ப்பார்கள்.

உங்கள் வண்டிக்கு நான் வைக்கும் வரிசை இது: கூலண்ட் மட்டம், பிறகு இரண்டு வெப்பநிலைகளின் ஒப்பீடு, பிறகு த்ராட்டில் பாடியும் மேனிஃபோல்ட் கசிவும், அதன்பின் ஒழுகும் இன்ஜெக்டர், கடைசியில் காயில். காரணம் தெரியும்வரை காலையில் குலுங்கும்போது ஆக்சிலேட்டரை மிதித்து அடக்கப் பார்க்காதீர்கள். ஐடிலிலேயே விட்டு, சீரானதும் மெதுவாக ஓட்டிச் செல்லுங்கள். செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. அந்த நிலையில் ஓட்டினால் எஞ்சினின் சிறு கோளாறு கன்வர்ட்டரின் விலையைக் கேட்கும். பழுது பார்த்து வண்டியைத் திரும்பப் பெறும்போது அது சூடாகத்தான் இருக்கும், நன்றாகத்தான் ஓடும்; அதைப் பார்த்து நம்பிவிடாமல் தொடர்ந்து மூன்று காலைகள் அதே கைபேசியை அதே இடத்தில் வைத்துப் பதிவுசெய்து முதல் நாள் காணொளியோடு ஒப்பிடுங்கள். மூன்றாம் நாளும் முள் ஆடாமல் ஏறி, மெல்ல இறங்கி 800 அருகே நின்றால், டப்பாவின்மேல் ஒட்டிய டேப்பை மட்டும் இன்னும் ஒரு மாதம் விட்டுவையுங்கள்.